வலது பின்சக்கரம்

இடது பக்கம் முடிந்துவிட்டது. வலது பக்கம்தான் பாக்கி, அதைத்தான் குபேந்திரன் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். இடது பக்கத்தை முடித்துவிட்டு டீ குடித்தான், டீ குடித்துவிட்டு முடித்த சக்கரத்தையே இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தான், வந்து ஸ்பேனர்களை அளவுப்படி அடுக்கினான், இருபத்தாறு வருஷத் தொழிலில் ஒருநாளும் ஸ்பேனர் அடுக்காத மனுஷன். இப்போது மணி இரண்டேகால். போடி வெயில் தகரக் கூரையில் இறங்கி, பட்டறை முழுக்கப் பழைய டீசல் வாடை எழும்பியிருந்தது. நாலு மணிக்குத் தவசி வருவான். வந்து குத்தவைத்து உட்கார்ந்து, வண்டியைப் பார்த்து, பிறகு இவன் முகத்தைப் பார்த்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்பான். ஏண்ணே, அந்தக் கல்லுல மெதுவா ஏத்தியிருந்தா உடைஞ்சிருக்காதுல்ல? ஏழு மாதமாக இதையேதான் கேட்கிறான். பால் வாங்குகிற இடத்தில் கேட்டான், கோயில் வாசலில் கேட்டான், ஒரு தடவை சாவு வீட்டில் பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுகூடக் கேட்டான். ஏழு மாதமாக இவனும் ஒரே பதிலைத்தான் சொல்கிறான், பாரம் கூடப்பா, ரோடும் அப்படி, விடு. அந்தப் பதில் பொய். உடைந்தது கல்லாலும் இல்லை, பாரத்தாலும் இல்லை, வண்டி ஓட்டின தவசியாலும் இல்லை. யாரால் என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் இப்போது ஸ்பேனர் அடுக்கிக்கொண்டிருக்கிறான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நேற்று முடிவு செய்திருந்தான். போன வாரமும் அப்படித்தான் முடிவு செய்திருந்தான்.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று கிரீஸ் டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளினான். பேரிங்கை இந்த உள்ளங்கையில் வைத்து அந்த உள்ளங்கைக் கிரீஸில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவில் மறுபக்கம் பிதுங்கி வருகிறவரை ஏற்ற வேண்டும். கைக்கு வேலை கொடுத்தால் மனசு சும்மா இருக்கும் என்பார்கள். குபேந்திரனுக்கு நேர்மாறு. கை ஓட ஓடத்தான் மனசும் ஓடும். மீரான் பாயின் வண்டி ஜாக்கி ஸ்டாண்டுகளில் பின்பக்கம் தூக்கி நின்றது, நாலு சக்கரமும் இழுக்கிற குட்டி லாரி, விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் மூட்டைகளோடு இறக்கிக் கொண்டுவருவது. அது போகிற பாதையைப் பாதை என்று சொல்வதே பெரிய மனசு. போன மாதம் பாய் வந்து இந்த இடத்தில்தான் நின்றார். "குபேந்திரா, பின்னாடி ஆக்ஸில ஃபுல் ஃப்ளோட்டா மாத்திரு. கோயமுத்தூர்ல பழைய மிலிட்டரி வண்டி ஆக்ஸில் ஒண்ணு பேசி வச்சிருக்கேன். தவசி மறுபடி ஸ்டியரிங்கத் தொடணும்ப்பா. கமிஷன் கடையில மூட்டை தூக்குறான், பாக்கச் சகிக்கல" என்றார். ஃபுல் ஃப்ளோட் என்றால் என்ன என்று விவரம் கேட்டார். இவன் கை காலை ஆட்டி விளக்கினான். இப்ப இருக்கிற ஆக்ஸில்ல பாய், சக்கரத்தச் சுத்துறதும் அந்த ஷாஃப்ட்தான், வண்டியச் சுமக்கிறதும் அதேதான். தலையில குடத்த வச்சுக்கிட்டு கையால மாவாட்டுற மாதிரி. அது முறிஞ்சா சக்கரமும் சேந்து கழண்டு போயிரும். இதுல அப்படி இல்ல. சக்கரம் மாட்டுற ஹப்பு ரெண்டு பேரிங்குல தனியா உக்காந்திருக்கும், பாரம் பூரா அதுக்கு. ஷாஃப்ட்டுக்குச் சுத்துற வேலை மட்டும். முறிஞ்சாலும் வண்டி ஓடாதே தவிர சக்கரம் அங்கயே நிக்கும். பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, "இத முன்னாடியே போட்டிருக்கலாமேப்பா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். முன்னாடியே என்ற சொல் இவனுக்குள் ஆணி மாதிரி இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. ஷாஃப்ட்டுக்குச் சுத்துற வேலை மட்டும். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான்.

உள் பேரிங் ஏறிவிட்டது. கிரீஸ் விரலிடுக்கில் சூடாகி வழிந்தது. கட்டைவிரலைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். இந்தக் கட்டைவிரல்தான். மற்ற ஒன்பது விரலும் எல்லாவற்றையும் மறந்துவிட்டன, இது ஒன்று மறக்கமாட்டேன் என்கிறது. போன ஆவணி, தோட்டத்தில் ஏலக்காய் பறிப்புத் தொடங்கின முதல் வாரம், இதே வண்டி, இதே வலது பின்பக்கம், பேரிங் இரைகிறது என்று தவசி கொண்டுவந்து விட்டான். பேரிங்கை மாற்ற வேண்டுமானால் அது நழுவாமல் பிடித்திருக்கும் காலர் என்கிற இரும்பு வளையத்தை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. காலரில் முக்கால் ஆழத்துக்கு டிரில் போட்டு, அந்த ஓட்டையில் உளியை வைத்து ஒரே அடி, டக்கென்று ஒரு சத்தம் வரும், வளையம் வாய் பிளந்துவிடும், உள்ளே ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழாது. அந்தச் சத்தத்தில் குபேந்திரனுக்குத் தனிப் பெருமை. பக்கத்துப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு அடிப்பான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்பதை இந்த ஏழு மாதத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருப்பான்? கரண்ட் இல்லை, டிரில் ஓடாது, விடிந்தால் வண்டி மலைக்குப் போக வேண்டும், பாய் இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டார். எல்லாம் நிஜம். ஆனால் சுவரில் கையால் சுற்றுகிற டிரில் தொங்கிக்கொண்டிருந்ததே, அதுவும் நிஜம்தானே. அதன் பிட் மழுங்கியிருந்தது. மழுங்கின பிட்டை அரத்தால் தீட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி. அரை மணி நேரத்துக்கு வண்டி காத்திருக்காதா? காத்திருக்கும். அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றுமில்லை, இதோடு அந்த வழி முட்டிக்கொண்டு நிற்கும், மறுபடி கரண்ட் இல்லை என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிரில் இல்லாமல் வெறும் உளியை வைத்து அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது அடியில் காலர் பிளந்தது, உளி நிற்கவில்லை. டக் என்று வர வேண்டிய சத்தம் ணங் என்று வந்தது. கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தான். நகம் வெட்டினால் விழுமே, அந்தத் துண்டளவு ஒரு வெட்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, கட்டைவிரலுக்குத் தெரிந்தது. ஷாஃப்ட்டில் வெட்டு விழுந்தால் அந்த ஷாஃப்ட் கழிவு, வேறு போட வேண்டும். தொழில் படிக்க வந்த முதல் வருஷமே தெரிந்துகொள்கிற விஷயம் அது. புது ஷாஃப்ட் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். இவ்வளவுதானே என்று வாயைத் திறந்தே சொன்னான், கேட்க யாருமில்லை. புது பேரிங்கை ஏற்றினான், புது காலரைச் சூடாக்கி அதன்மேல் தள்ளினான். காலர் சரியாக அந்த வெட்டின்மேல் போய் உட்கார்ந்து மூடிக்கொண்டது. அப்போது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

போன் அடித்தது. கிரீஸ் கையோடு முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டான். மீரான் பாய். "என்னப்பா, முடிஞ்சுச்சா?" "இன்னும் ஒரு மணி நேரம் பாய்." "தவசி வந்துட்டானா?" "நாலு மணிக்கு வருவான்." "அவன் என்ன சொன்னான் தெரியுமா? குபேந்திரண்ணன் ஏறச் சொன்னா ஏறுறேன், வேற யாரு சொன்னாலும் ஏற மாட்டேன்னான். பாத்துச் சொல்லுப்பா, நல்ல வார்த்தையாச் சொல்லு." "சரி பாய்." வைத்துவிட்டார். நல்ல வார்த்தை. ஜீப் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு, குபேந்திரண்ணன் கை வச்சதா, அப்பக் கண்ண மூடிக்கிட்டு ஏறலாம் என்று. அந்தப் பேச்சைக் கேட்டால் இவனுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும், சட்டைப் பித்தான் தெறிக்கும். அந்தப் பேச்சு வந்ததற்குக் காரணம் இவன் பட்டறையில் இருக்கிற ஒரு வழக்கம். சக்கரத்தில் வேலை பார்த்தால் டிரையல் ஓட்டும்போது வேலை பார்த்தவனே அந்தச் சக்கரத்துக்கு மேல் ஏறி உட்கார வேண்டும். டிரைவர் ஓட்டுவான், இவன் பின்னால் பலகையில், வலது சக்கரம் என்றால் வலது பக்கம், ஓடைப் பாலம்வரை போய்த் திரும்பி வருவார்கள். பிரேக்கோ பேரிங்கோ எதுவானாலும் அப்படித்தான், ஒரு தடவை காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டுகூட ஏறினான். போன ஆவணியில் அந்த ஒரு நாள் ஏறவில்லை. தவசி வண்டியைக் கிளப்பிவிட்டு, வாங்கண்ணே என்றான். வயித்த வலிக்குது, நீ போய்ட்டு வா, ஒண்ணுமில்ல என்றான் இவன். அவன் மட்டும் போய்விட்டு வந்தான். இங்கேதான் எல்லாச் சாக்கும் செத்துவிடுகிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் மனுஷன் எப்படியாவது காலம் தள்ளிவிடுவான். தெரியாதவனுக்கு எதற்கு வயிறு வலிக்கிறது? அந்தப் பலகையில் தான் உட்காரப் பயந்து, பதினாலு பெண்களை மூன்று மாதம் உட்கார வைத்திருக்கிறான்.

வெளி பேரிங்கையும் ஏற்றி ஹப்பைத் தூக்கி ஆக்ஸில் குழாயின் முனையில் செருகினான். நல்ல கனம், தொப்புளுக்குக் கீழே இழுத்தது. கார்த்திகை மாதம், ஊசிப்பாறை வளைவு, காலை ஆறரை, சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கின நேரம். தவசி போனில் அழுத அழுகை மனுஷக் குரலாகவே இல்லை. இவன் ஒரு ஜீப்பில் ஏறிப் போனபோது, தோட்டத்து வேலைக்குப் போன ஒச்சம்மாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், அவளுடைய தூக்குச்சட்டி மட்டும் கிடந்தது, மூடி திறக்காமல். சக்கரம் முறிந்த அரை ஷாஃப்ட்டோடு பிடுங்கிக்கொண்டு உருண்டு கீழே ஓடையில் போய் விழுந்திருந்தது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாய்ந்ததே தவிர உருளவில்லை, தவசி கடைசி நொடியில் மேட்டுப் பக்கம் ஒடித்ததால். அதை ஒருத்தரும் சொல்வதில்லை. ஒச்சம்மா வலது பலகையில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள், முழங்காலுக்குக் கீழே கால் வண்டிக்கு அடியில், ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். மற்ற பதின்மூன்று பேருக்கும் அடி, சிராய்ப்பு, ஒருத்திக்குக் கை முறிவு. இவன் நேராக ஓடையில் இறங்கினான். எல்லாரும் அவனை, பாரு, குபேந்திரன் சக்கரத்தைத் தேடி இறங்குறான், வேலையில என்ன கவனம் என்று நினைத்திருப்பார்கள். அவன் தேடியது சக்கரத்தை அல்ல. முறிந்த முனையைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தான். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வெள்ளை என்பது அன்றைக்கு, அந்தக் கல்லில், ஒரே நொடியில் முறிந்தது. கறுப்பு என்பது எத்தனையோ நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, தண்ணீர் புகுந்து, துரு ஏறினது. கறுப்பு தொடங்குகிற விளிம்பில் அந்த நகத்துண்டு. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த முனையைச் சுற்றி மறைத்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் இவனைத்தான் கேட்டார், மெக்கானிக் நீங்கதானே, எத்தன பேர் ஏறியிருந்தாங்க என்றார். பதினாலு என்றான். பாரம் கூடத்தான், இல்ல? என்றார். குபேந்திரன் தலையை ஆட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினான். அந்த ஆட்டல் போலீஸ் பேப்பரில் எழுத்தாகி, டிரைவர் அதிக பாரம் ஏற்றி அஜாக்கிரதையாக ஓட்டினதால் என்று ஆகிவிட்டது.

நட்டை முறுக்கினான். இது விரலுக்கு வந்தால்தான் வரும், சொல்லிக் கொடுத்து வராது. முதலில் ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும், சுற்ற முடியாமல் கனக்கிறவரை. அப்புறம் எட்டில் ஒரு பங்கு தளர்த்த வேண்டும். இறுக்கமாக விட்டால் பேரிங் வெந்துவிடும், தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும். இறுக்கினான். தளர்த்தினான். சக்கரம் ஆடுகிறதா என்று மேலும் கீழும் பிடித்து அசைத்தான். இல்லை. நம்பிக்கை வரவில்லை. திரும்ப இறுக்கித் திரும்பத் தளர்த்தினான். இப்படி நாலு தடவை. இடது பக்கத்தில் ஒரே தடவையில் முடித்த வேலை. தவசிகிட்ட எப்படித் தொடங்குவது? தவசி, உக்காரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உட்கார்ந்துதான் இருப்பான். தவசி, அன்னைக்குக் கரண்ட் இல்லப்பா. தூ. தவசி, நீ ஒரு தப்பும் பண்ணல. இது பரவாயில்லை, இதில் தொடங்கலாம். ஆனால் இதைச் சொன்னவுடன் அவன், அப்ப யாருண்ணே என்பான். அந்த யாருண்ணேவுக்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி இருக்கும், அதில் எத்தனையோ தடவை இவன் மனசுக்குள்ளேயே நழுவி ஓடியிருக்கிறான், கம்பெனி இரும்பு சரியில்லப்பா, பழைய ஷாஃப்ட்டுப்பா என்று. சொன்னால் என்ன ஆகும்? தவசி அடிப்பானா? அடித்தால் நல்லது. ஊர் முழுக்கத் தெரியும். ஸ்டாண்டில் இருக்கிற பத்து ஜீப்பும் அடுத்த பட்டறைக்குப் போகும். போலீஸ் வரும். வரட்டும் என்று ஒரு நிமிஷம் தைரியமாக இருக்கும், அடுத்த நிமிஷமே கண் ரோட்டுப் பக்கம் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது. தவசி ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பான், இவன் ஆயுசுக்கும் விடு விடு என்று சொல்லிக்கொண்டே இருப்பான், இரண்டு பேரும் கிழவர்களாகி மருந்துக் கடை வாசலில் சந்தித்தாலும் அந்தக் கல்லைத்தான் பேசுவார்கள். ஒச்சம்மா வீடு தவசியின் தெருவில்தான் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் தவசி அங்கே போகிறான். அவள் கட்டிலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருப்பாள், நீ என்னப்பா செய்வ, வண்டி ஓட்டாம மூட்டை தூக்குறியாமே, மறுபடி ஓட்டு, மொத ஆளா நானே ஏறி உக்காருறேன் என்று அவள் அவனுக்குத் தைரியம் சொல்கிறாளாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுகிறது. குபேந்திரன் அந்தத் தெரு வழியாகப் போய் ஏழு மாதம் ஆகிறது. மாவு மில்லுக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

லாக் வாஷரின் நாக்கை மடக்கி, இரண்டாவது நட்டையும் போட்டு, நீளமான புது ஷாஃப்ட்டைக் குழாய்க்குள் விட்டான். உள்ளே பல் பல்லோடு கூடுகிற இடத்தில் கொஞ்சம் தடவித் தேடி, பிறகு தானாக உள்ளே போய்ப் பொருந்தியது. அந்தப் பொருத்தத்தில் கைக்கு ஒரு சந்தோஷம் வரும், இன்றைக்கும் வந்தது, வெட்கமில்லாத கை. எட்டு போல்ட். சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினபோது வாசலில் நிழல் தட்டியது. மணி நாலாகவில்லை, மூன்றே முக்கால்தான். கமிஷன் கடையிலிருந்து நேராக வந்திருந்தான், தோள்பட்டையில் சாக்குத் தூசி, சட்டையெல்லாம் ஏலக்காய் வாசனை. தவசிக்கு முப்பத்தெட்டு வயது, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். "சாப்டீங்களாண்ணே?" என்றான். பிறகு எதிர்பார்த்தபடியே வலது பின்சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். "இதுதானாண்ணே அது?" "இதுதான்." "பாய் என்னமோ சொன்னாரு, எனக்கு வெளங்கல." குபேந்திரன் ஸ்பேனரை எடுத்தான். இப்போதுதான் இறுக்கின எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தான், முழுதாக, முழு நீளமும் வெளியே வந்து எண்ணெய் சொட்டிக்கொண்டு அவன் கையில் கிடந்தது. வண்டி அசையவில்லை. சக்கரம் தரையில் அப்படியே நின்றது. தவசி வாயைப் பிளந்து பார்த்தான். டயரைத் தட்டினான், எழுந்து பலகையைப் பிடித்து வண்டியை ஆட்டினான். "ஷாஃப்ட்டே இல்லாம நிக்குதே!" "நிக்கும். பாரத்த இது சுமக்காது." "அப்ப அன்னைக்கு இது இருந்திருந்தா, முறிஞ்சாலும்..." "சக்கரம் போயிருக்காது." தவசி மறுபடி உட்கார்ந்தான். பிறகு அந்தக் குரலில், அந்தப் பழைய குரலில் தொடங்கினான். "ஏண்ணே, இது இல்லாட்டியும், அந்தக் கல்லுல மெதுவா..."

"கல்லு இல்லடா" என்றான் குபேந்திரன். சத்தமாகச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, தவசி திடுக்கிட்டு நிமிர்ந்தான். மேஜைக்கு அடியில் கையை விட்டுச் சாக்கை இழுத்தான், சாக்குக்குள் துண்டு, துண்டுக்குள் அது. முடிச்சு கிரீஸ் விரலுக்கு வழுக்கியது, பல்லால் கடித்து அவிழ்த்தான். "இதப் பாரு. இந்த வெள்ளை அன்னைக்கு முறிஞ்சது. இந்தக் கறுப்பு அதுக்கு ரொம்ப முந்தி. ஆவணியிலயே தொடங்கிருச்சு." "என்னது தொடங்கிருச்சு?" "முறியிறது. நீ ஓட்டுன மூணு மாசமும் அது முறிஞ்சுகிட்டேதான் இருந்துச்சு. நீ எப்பிடி ஓட்டியிருந்தாலும் முறிஞ்சிருக்கும்." தவசி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். "ஏன்?" என்றான். அந்த மூச்சு விடுகிற இடைவெளி வந்தது. கம்பெனி இரும்பு, பழைய ஷாஃப்ட்டு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன, அவற்றைப் பார்த்துக்கொண்டே குபேந்திரன், "நான்தான்" என்றான். "காலர் உடைக்கும்போது உளி பட்டிருச்சு. பட்டது எனக்குத் தெரியும். மாத்தாம மூடிட்டேன்." தவசியின் கட்டைவிரல் விளிம்பைத் தேடிப்போய் அந்த நகத்துண்டில் நின்றது. அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. வெளியே ரோட்டில் ஒரு பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போனது. "அன்னைக்கு நீங்க டிரையலுக்கு ஏறல" என்றான் தவசி மெதுவாக. "வயித்து வலின்னு சொன்னீங்க. போற வழியில மெடிக்கல்ல நிறுத்தி உங்களுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்தேன்." குபேந்திரனுக்கு அது ஞாபகமே இல்லை. எல்லாவற்றையும் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தவனுக்கு அந்த மாத்திரை மட்டும் ஞாபகமில்லை. இப்போது வந்தது, பச்சை அட்டை, இரண்டு மாத்திரை, தண்ணீர் இல்லாமலே விழுங்குவதுபோல் நடித்துவிட்டுப் பின்னால் போய்த் துப்பியது. அழுதுவிடுவோம் என்று பயந்தான், அழுகை வரவில்லை, வயிறுதான் நிஜமாகவே வலித்தது. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒச்சம்மாக்கா நீ என்னப்பா செய்வங்கும்" என்றான் தவசி, ஷாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டே. "நான்தான்க்கா செஞ்சேன், நான்தான்க்கா செஞ்சேன்னு சொல்லிச் சொல்லி வருவேன். அது கால் மாட்டுல உக்காந்து சொல்லியிருக்கேன். இருந்த ஒத்தக் காலுல." அண்ணே என்ற வார்த்தையை அவன் விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது என்று குபேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடிப்பான் என்று நினைத்தான், அடிக்கவில்லை. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தான், போகவும் இல்லை. தவசி எழுந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், முன்சக்கரங்களைக் காலால் தட்டினான், கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். "இது ஓடுமா?" என்றான். "ஓடும்." "எல்லாம் சரியாப் போட்டிருக்கா? எங்கயும் மூடி மறைச்சது இல்லயே?" "இல்ல." "அப்ப ஷாஃப்ட்ட மாட்டுங்க." குபேந்திரன் மாட்டினான். எட்டு போல்ட்டையும் இறுக்கும்வரை தவசி தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தான், எண்ணுவது வாய் அசைவில் தெரிந்தது. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு, யாரும் நல்ல வார்த்தை சொல்லாமலே, ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பின்னாடி ஏறுங்க" என்றான். "வலது பக்கம். அதையும் எடுத்துக்கங்க."

குபேந்திரன் முறிந்த ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி, வலது பலகையில், கடைசியில், சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது. முதலில் ஒரு இழுப்பு இழுத்து நின்றது, தவசியின் கால் கிளட்சை மறந்திருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. பலகைக்கு அடியில் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. நல்ல வேலை, இருபத்தாறு வருஷத்தில் இதைவிட நல்ல வேலை பார்த்ததில்லை என்று தோன்றியது, தோன்றினதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். முக்கில் வண்டி ஓடைப் பாலத்துப் பக்கம் திரும்ப வேண்டும், அதுதான் டிரையல் ஓட்டுகிற வழி. திரும்பவில்லை. மாவு மில் வந்தது, மில்லைத் தாண்டி இடது கைப் பக்கம் சந்து, வேப்பமரம், குழாயடி. ஏழு மாதமாக அவன் பார்க்காத தெரு. இறங்கிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தான், வண்டி அப்படி மெதுவாகத்தான் போனது, யார் வேண்டுமானாலும் குதித்துவிடலாம். மடியில் இரும்பு கனத்தது. ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் தவசி நிறுத்தி ஹாரன் அடித்தான், மலைக்குப் போகிற காலைகளில் ஆள் ஏற்ற அடிப்பானே, அதே போல் இரண்டு சின்ன அடி. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, கம்பு தரையில் ஊன்றுகிற சத்தம் ஒவ்வொன்றாக வாசலை நோக்கி வந்தது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் குபேந்திரன் முழுக்கக் கேட்டான். ஒச்சம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடியில் பூ நார் ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கில் தவசியைப் பார்த்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. "அடி ஆத்தே, ஓட்ட ஆரம்பிச்சிட்டியா! இரு, நானும் ஏறிக்கிறேன்னு சொன்னேன்ல, ஒரு கை குடு" என்றவள் பின்னால் உட்கார்ந்திருந்தவனை அப்போதுதான் பார்த்தாள். "குபேந்திரன் தம்பியா? வாப்பா, வா. நீதான் வண்டியச் சரி பண்ணிக் குடுத்தியா?" தவசி என்ஜினை அணைத்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குபேந்திரன் முறிந்த ஷாஃப்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, இறங்குவதற்குப் பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டான்.